லேஅவுட் பார்க்க வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் லேஅவுட் என்றால் மனை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கல் நட்டு, கலர் கொடி கட்டி, முகப்பில் ஒரு வளைவு வைத்து, இன்றே வாரீர் என்று எழுதியிருப்பார்களே, அதுதான். என் வீட்டு மாடியில் ஒரு லேஅவுட் இருக்கிறது என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, அப்ரூவல் ஆகிவிட்டதா என்பதுதான். ஒரே ஒருவர் மட்டும் கொஞ்சம் யோசித்து, மாடியில் எப்படி மனை போட்டீர்கள் என்று கேட்டார். விவரமானவர். அதன் பிறகு அவர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறார்.

என் லேஅவுட்டில் மனை கிடையாது. ரயில் இருக்கிறது. விழுப்புரம் ஜங்ஷனை அப்படியே சுருக்கி, பெட்டி ஒரு சாண் நீளம், ஆள் உரிக்காத மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உயரம் என்ற கணக்கில் பலகை மேல் கட்டியிருக்கிறேன். சென்னை, திருச்சி, மாயவரம், காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரியும். அறை சின்னது என்பதால் புதுச்சேரி லைன் மட்டும் சுவரில் போட்ட ஓட்டை வழியாக அடுத்த அறைக்குப் போய், என் மனைவியின் பீரோவுக்குப் பின்னால் வளைந்து திரும்புகிறது. "பாண்டிச்சேரியில நைட்டெல்லாம் எலி ஓடுது, பாருங்க" என்று அவள் முன்பெல்லாம் எழுப்புவாள்.

நான் பல் கட்டுகிறவன். டாக்டர் அல்ல. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் என் லேபில் உட்கார்ந்து பல் செட் செய்து கொடுப்பேன். ஊரில் எத்தனையோ பேர் கல்யாண வீட்டில் என் கைவேலையைக் காட்டித்தான் சிரித்தார்கள். கண் மங்கியதும் லேபை மூடினேன். மிச்சமிருந்த சாமான்கள் மாடிக்கு ஏறின. அச்சு வார்க்கும் மாவு செஞ்சி மலை ஆனது. ஈறு செய்கிற ரோஸ் கலர் பொருளைக் கரைத்து மலைமேல் பூசினேன். சாயங்கால வெயில் பட்ட மலை என்பது என் எண்ணம். பல் விழுந்த ஆள் கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கிறது என்பது என் மனைவியின் எண்ணம். ஒரு முறை அவள் அப்படிச் சொன்ன பிறகு எனக்கும் வேறு மாதிரி தெரியவில்லை.

முதல் பிளாட்பாரத்தில் நானும் நிற்கிறேன். வழுக்கை, கையில் பை, ரோஸ் கலர் சட்டை. வேறு கலர் கைவசம் இல்லை. காற்றாடி போட்டால் பிளாட்பாரத்து ஜனமெல்லாம் சாய்ந்துவிடுகிறார்கள் என்பதால், பல் ஒட்டுகிற பசையை வைத்து எல்லோரையும் அழுத்தமாக ஒட்டிவிட்டேன்.

இந்த ஊரில் ஒரு குறை உண்டு. என்னிடம் இருப்பது ஒரே எஞ்சின், அதுவும் பழசு. ஓடினால் நன்றாக ஓடும். நின்றால், கழற்றித் துடைத்து எண்ணெய் விடாமல் மறுபடி கிளம்பாது. ஆகவே என் விழுப்புரத்தில் எந்த வண்டியும் நின்றதில்லை.

என் மனைவி பெங்களூரில் இருக்கிறாள். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதம் என்று சொல்லிப் போனாள். அந்தக் குழந்தை இப்போது ஸ்கூல் வேனில் சன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறது. இவள் அங்கே நிரந்தரமாகிவிட்டாள். நான் இங்கே நிரந்தரமாகவே இருந்தேன். வீட்டைப் பூட்டிவிட்டு நீங்களும் வந்துவிடுங்கள் என்று தாயும் மகளும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் ஒவ்வொரு முறையும் ஒரு தமாஷ் சொல்லித் தப்பித்துக்கொண்டே இருந்தேன். கார்த்திகை பிறந்ததும் மனைவி தமாஷை எல்லாம் தாண்டி நேராகக் கேட்டாள். லேஅவுட்டைக் கழற்றிக் கொண்டுவர முடியாது. மாவு மலை, சுவர் ஓட்டை, பீரோவுக்குப் பின்னால் ஒரு யூனியன் பிரதேசம். உடைக்கத்தான் வேண்டும். அதனால் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேன்: யாராவது ஒருத்தர் வந்து, பார்த்து, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டால், அடுத்த நாளே பிரித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

"ஒருத்தர் கூடவா இன்னும் ஓட்டலை?" என்றாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஒரு ரவுண்டு என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற ரயில் பைத்தியங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்து ஒருவர் வீட்டு லேஅவுட்டை மற்றவர்கள் போய்ப் பார்ப்போம். சென்னையில் ஒரு கிளப், கல்யாண மண்டபத்துக்கு மேலே வாடகை அறையில் நடக்கிறது. கீழே நாதஸ்வரம், மேலே விசில். ஒரு நண்பரின் அடுக்குமாடி வீட்டில் ரயில் கட்டிலுக்கு அடியில் ஓடும். வந்தவர்கள் எல்லாம் வரிசையாகக் குப்புறப் படுத்துப் பார்த்தோம். அவர் மனைவி காபி கொண்டுவந்து, யாருடைய தலைமாட்டில் வைப்பது என்று தெரியாமல் நின்றார். குயிலாப்பாளையத்தில் ஒரு வீட்டில் தோட்டத்திலேயே தண்டவாளம். அங்கே ஒரு மரவட்டை லைனைக் கடந்து முடிக்கும்வரை, படித்த பெரிய மனிதர்கள் ஒரு டஜன் பேர் குனிந்து நின்று காத்திருந்தோம்.

எல்லா வீட்டிலும் முறை ஒன்றுதான். உள்ளே போனதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். எதையும் தொடக் கூடாது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் காட்டி முடித்ததும், கன்ட்ரோலரை, அதாவது ரயிலை ஓட்டுகிற அந்தச் சின்னப் பெட்டியை, நம் கையில் கொடுத்து, "ஒரு ரவுண்டு ஓட்டுங்க" என்பார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல அது. வாங்காமல் போனால் மரியாதை இல்லை. நான் போன இடத்தில் எல்லாம் வாங்கி ஓட்டியிருக்கிறேன். என் வீட்டில் வாங்கி ஓட்ட இதுவரை ஆள் வரவில்லை. கோபித்துக்கொள்ள முடியாது. விழுப்புரம் வண்டி மாறுகிற ஊர். இங்கே வேலை இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள்.

கடைசியில் அந்தக் கார்த்திகை மாதத்தில் குழுவில் அறிவிப்பு வந்தது. காலையில் திண்டிவனம், மதியச் சாப்பாட்டுக்கு விழுப்புரம். விழுப்புரம் என்றால் நான்தான். வேறு பைத்தியம் ஊரில் இல்லை.

நான் செய்த ஏற்பாடுகளைப் பார்த்தால் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நினைப்பீர்கள். மலைக்கு இன்னொரு கோட்டிங் அடித்தேன். கொட்டாவி இன்னும் பெரிதானது. எனக்குத் தெரிந்த மெஸ்காரரிடம் பதினைந்து பேருக்குப் பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும் சொன்னேன். எங்கள் தெரு ஒரு சந்துக்குள் சந்து. தனி வண்டியில் வருகிற யாரும் வழி தவறிவிடக் கூடாது என்று ஃபிளெக்ஸ் கடைக்குப் போன் செய்து, லேஅவுட் பார்க்க வருபவர்கள் மாடிக்கு வரவும் என்று எழுதி, ஒரு அம்புக்குறி போட்டு, ஒரு பேனர் அடிக்கச் சொன்னேன்.

ஞாயிறு விடிந்ததும் தெருமுனைக் கம்பத்தில் நானே ஏறாத குறையாகக் கட்டி, சுருளை அவிழ்த்தேன். பச்சைப் புல்வெளி. நீல வானம். ஓட்டு வீடு ஒன்று. அதன் முன்னால் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், எல்லோரும் அம்புக்குறியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கணவருக்குப் பல்வரிசை அபாரம். கட்டின பல்லாகத்தான் இருக்க வேண்டும். அடியில் நான் சொல்லாத ஒரு வரி: குடிநீர் வசதி உண்டு.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் பதறவே இல்லை.

"வெறும் எழுத்து மட்டும் போட்டா மொட்டையா இருந்துது சார். மனைன்னா நாலு விஷயம் சொல்லணும் இல்ல? தண்ணி வசதி இருக்குது தானே?"

இருக்கிறது என்றேன். மாடியில் டேங்க் இருக்கிறது, பொய் சொல்ல முடியாது. வேறு அடிக்க நேரம் இல்லை. அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு, பேன்ட் பாக்கெட்டில் சாவியுடன் திண்டிவனத்துக்கு ரயில் ஏறினேன். விருந்தாளிகளை அங்கிருந்து நானே வேனில் அழைத்துவந்துவிடுவது என்பது திட்டம். விட்டால் நழுவிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. பிரியாணியை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போங்கள் என்று மெஸ்காரரிடம் சொல்லியிருந்தேன்.

திண்டிவனத்தில் பனி விழுகிற ஒரே இடம் என் நண்பரின் வீடுதான். ரைஸ் மில் வைத்திருந்தவர். மில்லைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தின் ஒரு மூலையில் பெரிய ஹால் கட்டி, ஏசி போட்டு, ஐரோப்பாவில் எங்கோ இருக்கிற ஒரு மலைத்தொடரை உள்ளே கொண்டுவந்துவிட்டார். வெளியே நெல் அவித்த வாசனை சுவரிலிருந்து இன்னும் போகவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று பனி, ஊசி மரங்கள், சிவப்பு ரயில். பிள்ளைகள் இரண்டு பேரும் உண்மையிலேயே பனி விழுகிற ஊரில் இருக்கிறார்கள். இவர் அங்கே ஒரு முறை போய், குளிர் தாங்காமல் திரும்பிவந்தவர்.

நான் போனபோது சென்னை வேன் ஏற்கனவே வந்திருந்தது. எல்லோரும் கையைப் பின்னால் கட்டி நின்றிருந்தார்கள். குழுவில் எனக்குப் பெயர் பல் சார். வேனுக்குப் பொறுப்பானவர், கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர், என்னைக் கண்டதும் "பல் சார் வந்துட்டாரு, எல்லாரும் வாயை மூடுங்க" என்றார். சிரித்தார்கள். நானும் என் பங்குக்கு, மூடினால் எனக்கு எப்படிப் பிழைப்பு என்று ஏதோ சொன்னேன். அந்த இடத்தில் என் வேலை அதுதான். மற்றவர்கள் எஞ்சின் வைத்திருக்கிறார்கள்; நான் ஜோக் வைத்திருக்கிறேன்.

புதிதாக ஒரு நீராவி எஞ்சின் வந்திருந்தது. நிஜமாகவே புகை விட்டது. அதை ஓட்ட வரிசை கட்டினார்கள். ஒருவர் ஒரு ரவுண்டு ஓட்டி, இறக்கிவைக்க மனமில்லாமல் இன்னொரு ரவுண்டு ஓட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவரும் இரண்டு. நான் நடுவில் நின்று, விழுப்புரத்தில் பிரியாணி ஆறுகிறது என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன். நான் சொன்னது என்பதாலேயே அது ஜோக் ஆகிவிட்டது. பிறகு சமையல்காரர் வந்து இலை போட்டாகிவிட்டது என்றார். நண்பரும் சமைக்கச் சொல்லியிருக்கிறார். குழுவில் எழுதியிருந்த மதியச் சாப்பாடு விழுப்புரம் என்பதை அவர் கவனிக்கவில்லை. வேண்டுமென்று செய்தாரா என்று அப்போது சந்தேகப்பட்டேன். பாயசம் வரைக்கும் இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில்தான் வேனுக்குப் பொறுப்பானவர் பேச்சை எடுத்தார். சென்னையில் மழை பிடித்துவிட்டதாம். ஞாயிறு சாயங்காலம் டோல்கேட்டில் மாட்டினால் வீடு போய்ச் சேர முடியாதாம். மறுநாள் எல்லோருக்கும் ஆபீஸ்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க பல் சார். இன்னொரு வாட்டி உங்க வீட்டுக்குன்னே தனியா வர்றோம். இப்போதைக்கு ஒரு வீடியோ எடுத்து குரூப்ல போட்டுடுங்க, எல்லாரும் பாத்துடறோம்."

"அதுக்கென்ன சார்" என்றேன். "பல்லு எங்க ஓடிடப் போவுது. கட்டினது தானே."

நன்றாகச் சிரித்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். வேன் கிளம்பியபோது எல்லோரும் சன்னல் வழியாகக் கையாட்டினார்கள். பல் சார் மாதிரி ஒருத்தர் குழுவில் இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

ஹாலில் நண்பரும் நானும் மட்டும். அவர் எஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கிளம்புகிறேன் என்றதும், "இரேன், ஒரு மணி நேரம் இருந்துட்டு அடுத்த வண்டிக்குப் போயேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லை. எல்லாரும் போனதும் ஏசியை நிறுத்திடுவேன். அப்புறம் பனியைப் பாக்கவே பேஜாரா இருக்கும்."

இருந்திருக்கலாம். எனக்கு அப்போது பிரியாணிதான் ஞாபகம். நாய் வாய் வைத்திருக்குமோ என்று பயம். இன்னொரு நாள் வருகிறேன் என்று, சற்று முன் எனக்குச் சொன்னதையே அவருக்குச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பாசஞ்சர் வண்டி மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மரியாதையாக நின்றது. முண்டியம்பாக்கம் தாண்டி ஜங்ஷனுக்கு வெளியே, ஏதோ ஒரு எக்ஸ்பிரஸுக்காக நிறுத்திப் போட்டார்கள். கரும்பாலை வாசனை. லேசான தூறல். மனைவியிடம் இன்று என்ன சொல்வது என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். எல்லோரும் வந்தார்கள், ஓட்டினார்கள் என்று சொன்னால் வாக்குப்படி நாளையே உடைக்க வேண்டும். யாரும் வரவில்லை என்று சொன்னால் உடைக்க வேண்டாம். ஆனால் யாரும் வரவில்லை என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நஷ்டம் என் பக்கமே இருந்தது. எக்ஸ்பிரஸ் கடந்து போனது. அதில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு ஜோக் சொல்லியிருப்பேன்.

வீட்டை நெருங்கும்போது மாடிப்படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதை ஒட்டிய கணவன், மனைவி. அவர் தோளில் துண்டு. அந்த அம்மா மடியில் ஒரு ஒயர்கூடை. கையில் ஒரு குச்சி. பிரியாணி அண்டா இருவருக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது.

"லேஅவுட்டுக்காரரு நீங்க தானே?" என்று அவர் எழுந்தார். "ரெண்டு நாயி, காக்கா வேற. இவ தான் குந்தி வெரட்டிக்கினு இருந்தா. இல்லைன்னா சோறு போயிருக்கும் சார்."

செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம் ஒரு கிராமம். மல்லாட்டை பிடுங்கின கையோடு வந்திருந்தார்கள். மகள் விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். தினமும் இரண்டு பஸ் மாறி இருட்டில் வீடு வருகிறாள். ஒன்றரை சென்ட் கிடைத்தால் ஒரு அறை போட்டு இங்கேயே வந்துவிடலாம் என்று ஞாயிறு தோறும் மனை பார்க்கிறார்கள். அன்று பஸ்ஸைவிட்டு இறங்கி மகளைப் பார்க்கப் போகிற வழியில் என் பேனர் கண்ணில் பட்டிருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு எங்கேயோ காட்டுக்குப் போகிறார்கள். இது ஊருக்குள்ளேயே இருக்கிறதே என்று வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. மனை இல்லை, பொம்மை ரயில் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவர் பேனர் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தத் தண்ணி வசதி?"

அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மூடினாலும் நான் கவனித்துவிட்டேன், மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. தொழில் புத்தி. நானும் சிரித்துவிட்டேன். காத்துக் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டாவது போங்கள் என்று மாடிக்கு அழைத்தேன். சாப்பிட்டார்கள். நானும் இரண்டாவது மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். மகளுக்கு ஒரு டப்பாவில் கட்டிக்கொடுத்தேன். அப்படியும் அண்டா குறையவில்லை.

கை கழுவிவிட்டு அந்த அம்மா அறைக் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார். "இதுவா?" என்றார். நான் விளக்கைப் போட்டேன்.

கையைப் பின்னால் கட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பலகை ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வயலைப் பார்ப்பதுபோல ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். மலையிடம் வந்ததும், "இது செஞ்சியா சார்?" என்றார். என் வாழ்க்கையில் அதை முதல் பார்வையிலேயே மலை என்று கண்டுகொண்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு வாய் வரைக்கும் ஒரு ஜோக் வந்தது. சொல்லவில்லை.

ரயிலை ஓட்டிக் காட்டினேன். பீரோவுக்குப் பின்னால் புதுச்சேரிக்குப் போய் அது திரும்பிவந்தபோது அவர் கணவர் "அட" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து பீடியை எடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். நான் கன்ட்ரோலரை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"ஒரு ரவுண்டு ஓட்டுங்க."

"ஐயோ, எனக்கு இன்னா தெரியும்."

"இந்தக் குமிழைத் திருப்பினா ஓடும். அவ்வளவு தான்ம்மா. நிறுத்த மட்டும் கூடாது. நின்னா கெளம்பாது."

வாங்கிக்கொண்டார். ஒரு சுற்று. மெதுவாக, பயந்து பயந்து. இரண்டாவது சுற்றில் கண்ணை ரயிலைவிட்டு எடுத்துப் பிளாட்பாரத்தைப் பார்த்தார்.

"அத்தினி பேரு மூட்டை முடிச்சோட நிக்கிறாங்களே சார். வண்டி நிக்காம போவுது?"

நான் மறுபடியும் எஞ்சின் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் குமிழைத் திருப்பிவிட்டார். வண்டி முதல் பிளாட்பாரத்தில் வந்து நின்றது. நான் கட்டிய விழுப்புரத்தில் முதன்முதலாக ஒரு வண்டி நின்றது. அறையில் சத்தமே இல்லை. வண்டியின் கரகரப்பு இல்லாமல் அந்த அறையை நான் கேட்டதே இல்லை.

அவர் குனிந்து, வரிசையாக ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம் நின்றார்.

"இந்த ரோஸ் சட்டை ஆளு நீங்க தானே?"

"ஆமா."

"யாரையாவது ஏத்திவிட வந்தீங்களா, நீங்களே போறீங்களா?"

"பை இருக்குதே. போறவன் தான்."

"அப்ப ஏறுங்க. வண்டி தான் நிக்குதே" என்று விரலால் என்னை மெல்லத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"ஒட்டிட்டேன்ம்மா" என்றேன். "காத்துல விழுந்துடறான்னு. இப்ப எடுத்தா காலு உடைஞ்சிடும்."

அவர் குமிழைத் திருப்பினார். எஞ்சின் முனகியது, நகரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் மாட்டைத் தட்டிவிடுவதுபோல அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கிளம்பிப் போய்விட்டது.

கணவர் வாசலில் இருந்து, "ஏமே, ஜல்தி வா, பஸ்ஸு போயிடும், ரயிலு ஓட்டிக்கினு நிக்கிறா" என்றார். கீழே இறங்கும்போது அந்த அம்மா தயங்கி நின்று, அந்தப் பேனர் இனிமேல் வேண்டுமா என்று கேட்டார். மழை காலத்தில் மல்லாட்டையை மூடிவைக்க ஆகும் என்றார். மூவரும் சேர்ந்து அவிழ்த்தோம். புல்வெளி, ஓட்டு வீடு, நல்ல பல்வரிசை எல்லாவற்றையும் சுருட்டிக் கணவர் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். சந்து திரும்புகிற இடத்தில் அந்த அம்மா ஒரு முறை மாடியைப் பார்த்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மனைவி போன் செய்தாள்.

"வந்தாங்களா?"

"வந்தாங்க" என்றேன். "ரெண்டு பேரு."

"ரெண்டு பேரா? பதினைஞ்சுன்னு சொன்னீங்க. பிரியாணி இன்னா ஆச்சி?"

"பக்கத்துத் தெரு ஆட்டோ ஸ்டாண்டுக்குக் குடுத்தாச்சு."

பின்னால் குழந்தை எதற்கோ அழுதது. பிறகு மெதுவாகக் கேட்டாள், "ஓட்டினாங்களா?"

இல்லை என்று சொல்ல நிறைய இடம் இருந்தது. அவர்கள் குழு உறுப்பினர்கள் இல்லை. மனை பார்க்க வந்தவர்கள். கணக்கில் சேராது என்று வாதாடினால் நானே ஜெயிப்பேன். "ஓட்டினாங்க" என்றேன். "ஸ்டேஷன்ல நிறுத்திக்கூட ஓட்டினாங்க."

"நின்னுச்சா? திரும்பக் கெளம்புச்சா?"

"முதுவுல ஒண்ணு போட்டாங்க. கெளம்பிடுச்சி."

"இத்தினி வருஷம் அது தெரியாம இருந்தீங்க பாருங்க" என்றாள். சிரிக்கிறாளா என்று எனக்குக் கேட்கவில்லை. சிரித்திருப்பாள்.

போனை வைத்துவிட்டு, லேபிலிருந்து மிச்சம் வைத்திருந்த மெல்லிய கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மெழுகு சுரண்டுகிற கத்தி அது. முதல் பிளாட்பாரத்தில் குனிந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ரோஸ் சட்டைக்காரனின் காலடியில் நுனியைக் கொடுத்து மெல்ல நெம்பினேன். ஆயிரம் பேருக்குப் பல் கட்டிய கை இது. இடது கால் முழுசாக வந்தது. வலது கால் கணுக்காலோடு உடைந்து பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டது. ஒரு பெட்டியின் கூரையைக் கழற்றி, ஆளைச் சன்னலோரமாக உட்காரவைத்தேன். உட்கார்ந்தால் கால் தெரியாது.

அடுத்த நாளே பிரிக்கிறேன் என்று சொன்ன நாள் போய்விட்டது. சுவர் ஓட்டையை மட்டும் மாவு வைத்து அடைத்திருக்கிறேன். பல்லில் குழி அடைக்கிற வேலைதான். பாண்டிச்சேரிக்கு இப்போது வண்டி கிடையாது. வீடியோ இன்னும் போடவில்லையா என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். திண்டிவனத்து நண்பருக்குப் போன் செய்து, வந்து பார்த்துவிட்டு எஞ்சினை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். நின்றால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன். அங்கே ஏசி உண்டா என்று கேட்டார். குடிநீர் வசதி மட்டும்தான் என்றேன்.

எப்போது கிளம்புகிறீர்கள் என்று மனைவி தினமும் கேட்கிறாள். ஒருகால் தையில். பிளாட்பாரத்தைத் துடைக்கும்போதெல்லாம் அந்த வலது கால் துணியில் தட்டுகிறது.